கிணற்றடிக்குப் போகாத வெள்ளை வண்டி

பாலைவனத்துக்குப் போகிறவர்கள் முதலில் எடுத்துவைக்க வேண்டியது தண்ணீர் என்பார்கள். எங்கள் கட்டடத்து நாலாம் மாடிப் புஸ்பத்தைக் கேட்டால் மிளகாய்த்தூள் என்பாள். வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள், அதன்மேல் அரிசிமா, அதன்மேல் பருத்தித்துறை வடை, இடுக்கில் புட்டு அவிக்கிற ஓலைக் கூம்பான ஒரு நீத்துப்பெட்டி. மொரோக்கோவில் தேங்காய் எப்படி இருக்குமோ என்று சந்தேகப்பட்டு பாரிசில் நாங்கள் இருக்கிற லா சப்பலின் தமிழ்க் கடையிலேயே இரண்டு வாங்கி, உடுப்புகளுக்கு நடுவில் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல வைத்திருந்தாள்.

“நாம ஊர் பார்க்கப் போறோமா, படையெடுத்துப் போறோமா?” என்று கேட்டேன்.

“அங்கை பிள்ளை என்னத்தைத் திண்டு கிடக்கிறாளோ, அக்கா” என்றாள் புஸ்பம்.

பிள்ளை என்றது அவளுடைய ஒரே மகள் ஆரணியை. படித்து, பாரிசில் பெரிய கம்பெனியில் நிரந்தர வேலையும் கிடைத்தவள். அந்த நிரந்தர வேலைக்கு இங்கே செ-தே-இ என்று பெயர். லா சப்பலில் பெண் பார்க்கப் போனால் ஜாதகத்தைவிட முதலில் விசாரிக்கப்படுவது அதுதான். ஆரணி அந்தச் செ-தே-இயைத் தூக்கிப் போட்டுவிட்டு, மொரோக்கோவின் தெற்கே ஒரு பாலைவனப் பூங்காவில் காவலர் வேலைக்குப் போய்விட்டாள். எந்த வண்டி எந்தத் தடத்தில் போகலாம், யார் எங்கே கூடாரம் அடிக்கலாம் என்று பார்க்கிற வேலை. அப்பா துரைசிங்கம் வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எங்கை போறாய்?”

புறப்படும்போது அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் உருப்படாது. நான் புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டிலும் அதே பயம்தான், மாதாவும் அந்தோனியாரும் அதை மாற்ற முடியவில்லை. துரையோ இந்த விஷயத்தில் கட்டுப்பெட்டி. ருங்கிஸ் மொத்தச் சந்தைக்கு மரக்கறி எடுக்க வான் ஓட்டிப் போகிறவர், தினமும் போகிற இடம்தான், யாராவது கேட்டால் “சும்மா, உதிலை” என்பார், இங்கே பக்கத்தில்தான் என்கிற மாதிரி. அப்படிப்பட்டவர் மகளிடம் வேண்டுமென்றே கேட்டார். ஆரணி பையைக் கீழே வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, தடை கழிய ஒரு வாய் தண்ணீர் குடித்து, பதில் சொல்லாமலே இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசவில்லை. வருஷம் ஒன்று தாண்டிவிட்டது.

இந்தப் பயணம் புஸ்பத்தின் ஏற்பாடு. மகளோடு தொலைபேசியில் பேசி, அவளுடைய முகாமில் தங்க அனுமதியும் வாங்கிவிட்டாள். துரை வருவதற்குச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. “நான் மணல் பாக்கத்தான் வாறன். வேறை ஒண்டுக்கும் இல்லை.” அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் பேச ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டார்கள். பாரிசுக்குப் பக்கத்துப் பொபினியில் அரசாங்க அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, விசா கேட்டு வருகிறவர்களிடம் எங்கிருந்து, எதற்காக என்று கேட்டே ஓய்வு பெற்றவள் நான். சமாதானத் தூதுக்கு இதைவிடத் தகுதி வேண்டுமா?

மொரோக்கோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அரிசிமாப் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இது என்ன?” என்றார். நான் மாவு என்றேன். அவர் முகம் மாறியது. புஸ்பம் நிலைமையைப் புரிந்துகொண்டு நீத்துப்பெட்டியை எடுத்துக்காட்டி, அந்தக் கூம்புக்குள் மாவை எப்படிப் போடுவது, ஆவி எப்படி வரும் என்று கையாலேயே புட்டு அவித்துக் காட்டினாள். பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சமையல் வகுப்பில் சேர்ந்துவிட்டது. அதிகாரி சிரித்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

அன்று மாலை பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிற சிறிய ஊரில் தங்கினோம். களிமண் நிறத்தில் வீடுகள், தெருவில் கழுதை, கழுதைமேல் செல்போனில் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர். சாப்பாட்டுக்குக் குஸ்குஸ் வந்தது. புஸ்பம் விரலால் கிளறிப் பார்த்தாள். “அக்கா, இது புட்டுத்தான். தேங்காய்ப்பூ போட மறந்திட்டினம்.” கூட வந்த ஆட்டிறைச்சிக்கு அவள் கைப்பையிலிருந்து தூள் டப்பா வெளியே வந்தது. பரிமாறிய பையன் ஆசையாகக் கொஞ்சம் வாங்கி நாக்கில் வைத்துவிட்டு உள்ளே ஓடினான். திரும்பி வரும்போது அவன் தாயாரும் கூட வந்தார், டப்பாவைப் பார்க்க. புதினாத் தேநீரை மட்டும் புஸ்பம் குறை சொல்லவில்லை. சீனி அவள் கை அளவுக்கே இருந்தது.

துரை சாப்பிடும்போது சுவரில் தொங்கிய பூங்கா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மணல் எங்கே நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறாராம். அவர் விரல் ஒரே இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. அது ஆரணியின் முகாம். நான் கவனித்ததை அவர் கவனித்ததும் விரல் சட்டென்று தட்டுக்குத் திரும்பியது.

மறுநாள் காலை வாடகைக்கு வண்டி எடுத்தோம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வெள்ளை வண்டி. பிரெஞ்சில் கத்-கத் என்பார்கள். சந்தையில் வாங்கிய எலுமிச்சம்பழங்களைத் துரை ஒவ்வொரு டயருக்கு அடியிலும் வைத்தார். வண்டி கொடுத்த இளைஞன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்து, “காற்று அளக்கவா?” என்று மரியாதையாகக் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

காற்று என்றதும் அவனுக்கு நினைவு வந்துவிட்டது. தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கினதும் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும் என்றான். அப்போதுதான் டயர் அகலமாக மணலில் பரவி உட்காருமாம், இல்லையென்றால் கத்திபோல உள்ளே இறங்கிவிடுமாம். வெளியே வந்ததும் திரும்ப அடிக்க ஒரு சின்ன பம்பும் கொடுத்தான். நான் மொழிபெயர்த்தேன். துரை தலையை நன்றாக ஆட்டினார். வண்டி தெருமுனை திரும்பியதும், “காத்துப் போன டயரோடை ஓடினால் லா சப்பலே சிரிக்கும், அக்கா. நான் என்ன நேற்றோ வான் ஓடத் தொடங்கினனான்?” என்றார்.

லா சப்பல் பார்க்கப்போவதில்லையே என்றேன். அவர் கியரை மாற்றினார்.

பூங்கா வாசலில் குறுக்கே ஒரு கம்பு. பக்கத்தில் நிழலுக்கு ஓலைக் கொட்டகை. நீலத் தலைப்பாகை கட்டிய வாசல்காரர் எழுந்து வந்து சலாம் சொன்னார். சட்டங்களைச் சொன்னார்: வெள்ளையடித்த கற்கள் காட்டும் தடத்தை விட்டு விலகக் கூடாது, விறகு எரிக்கக் கூடாது, குறித்த இடத்தில் மட்டும்தான் கூடாரம், கொண்டுபோன குப்பையெல்லாம் திரும்பி வரவேண்டும். எல்லாம் சொல்லி முடித்து, துரையின் ஜன்னலில் கையை வைத்து, சிரித்த முகத்தோடு கேட்டார்.

“எங்கே போகிறீர்கள்?”

துரை ரிவர்ஸ் போட்டார். வண்டி பின்னாலேயே போய் ஒரு முள்மரத்தடியில் நின்றது. எஞ்சினை நிறுத்தினார். தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்தார். எங்களுக்கும் நீட்டினார், நாங்களும் குடித்தோம். பிறகு புதிதாகப் புறப்பட்டு வாசலுக்கு வந்தோம்.

“எங்கே போகிறீர்கள்?” என்றார் வாசல்காரர்.

மறுபடியும் முள்மரம். மறுபடியும் தண்ணீர். நான் பின் ஆசனத்தில் புஸ்பத்தின் பெரிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “துரை, அது அவர் உத்தியோகம். நானும் அதைத்தான் செய்துகிட்டு இருந்தேன்” என்று சொல்லிப் பார்த்தேன். “உங்களிட்டை வந்ததுகளின்ரை காரியம் எத்தினை சரிவந்தது, அக்கா?” என்றார். அந்தக் கேள்விக்குப் புள்ளிவிவரம் என்னிடம் இல்லை.

மூன்றாம் தடவை வாசல்காரர் எங்களைக் கவலையோடு பார்த்தார். “உள்ளே போய்ப் பைத்தியம் பிடித்து வெளியே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். வாசலிலிருந்து இரண்டு தடங்கள் பிரிந்தன. வலது பக்கம் கிணற்றடி முகாம், எல்லோரும் போகிற இடம். இடது பக்கம் ஆரணியின் முகாம். எங்கே என்று அவர் கேட்டதும் துரை, ருங்கிஸ் போகும்போது சொல்கிற அதே முகத்தோடு, வலது பக்கம் கையைக் காட்டி, “அந்தக் கிணற்றுப் பக்கம், சும்மா” என்று பிரெஞ்சில் சொன்னார். வாசல்காரர் நிம்மதியோடு வயர்லெஸ்ஸை எடுத்தார். “வெள்ளை வண்டி, மூன்று பேர், கிணற்றடிக்குப் போகிறார்கள்.” நான் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். கம்பு உயர்ந்துவிட்டது, வண்டியும் உள்ளே போய்விட்டது. மேடு தாண்டி வாசல் மறைந்ததும் துரை இடது பக்கம் திருப்பினார்.

பாலைவனம் என்றால் மணல் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். முதலில் கல்தரை, பிறகு வெடித்த களிமண், நடுநடுவே புளியம்பிஞ்சு நிறத்தில் குத்துச்செடிகள். ஒட்டகம் ஒன்று எங்களைப் பார்த்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாலாம் மாடியில் தண்ணீர் ஒழுகியபோது மூன்றாம் மாடி அம்மாள் திருப்பிக்கொண்ட மாதிரியே. துரை நன்றாகத்தான் ஓட்டினார். வெள்ளைக் கற்களை விட்டு ஒரு முழம்கூட விலகவில்லை. பாரிசில் இத்தனை ஒழுங்காக ஓட்டியதை நான் பார்த்ததில்லை.

பிறகு மணல் வந்தது. பொன் நிறம், காற்று வரைந்த கோடுகள். வண்டி கொஞ்சம் திணறியது. துரை கியரைக் குறைத்து வேகம் கொடுத்தார். வண்டி இன்னும் திணறியது. அவர் இன்னும் கொடுத்தார். நாலு சக்கரமும் ஒற்றுமையாக உள்ளே இறங்கின. கதவைத் திறந்தபோது மணல் வண்டியின் கால்படி உயரத்தில் இருந்தது.

வண்டியை இலேசாக்கச் சாமான்களை இறக்கினோம். அப்போதுதான் தெரிந்தது, மூன்று மனிதரும் சேர்ந்தாலும் புஸ்பத்தின் சமையலறைக்கு ஈடாகாது. மூட்டை, சட்டி, அடுப்பு, தேங்காய் எல்லாம் மணலில் வரிசையாக உட்கார்ந்தன. கால்மிதியை டயருக்கு முன்னால் போட்டுப் பார்த்தோம், அதுவும் புதைந்தது. காற்றை இறக்கலாமே என்றேன். துரை டயரைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி எஞ்சினைப் போட்டார். வண்டி இன்னொரு சாண் இறங்கியது.

செல்போனில் சிக்னல் இல்லை. வெயில் சாயத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு அந்த வயர்லெஸ் நினைவுக்கு வந்தது. வெள்ளை வண்டி கிணற்றடிக்குப் போகிறது என்று பூங்கா முழுவதும் நம்பிக்கொண்டிருக்கிறது. எங்களைத் தேடினால் அங்கேதான் தேடுவார்கள். நாங்கள் நேர் எதிர்த் திசையில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குப் பயம் வந்தது. இதுவரை செய்த கேலியெல்லாம் நின்றுவிட்டது.

நான் வாய்விட்டுச் சொன்னதும் புஸ்பம் புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

“ஒரு நாளைக்கெண்டாலும் போற இடத்தை வாய் திறந்து சொன்னனீங்களோ? அந்த மனிசன் எவ்வளவு மரியாதையாக் கேட்டது! நீங்கள் மட்டும் பிள்ளை வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேட்டியள். உங்கடை வாயாலை கேட்டனீங்கள். அண்டைக்கு அவள் தண்ணி குடிச்சிட்டுப் போனதை நான் மறக்கேல்லை.”

துரை வண்டியைச் சுற்றி நடந்தார். ஒரு டயரைக் காலால் உதைத்தார், பிறகு அதே டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். “தெரியும்” என்றார். பிறகு, “அண்டையிலையிருந்து அவளுக்கு என்ன நடந்தாலும் என்ரை வாயாலைதான் எண்டு பயந்துகொண்டிருக்கிறன்” என்றார். மணல் பார்க்க வந்தவர் மணலைப் பார்க்கவில்லை. புஸ்பம் அவருக்கு ஒரு வடையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

வண்டிச் சத்தம் முதலில் எனக்குத்தான் கேட்டது. வாசல் பக்கமிருந்து அல்ல, முகாம் பக்கமிருந்து. பச்சை நிற வண்டி மணல்மேட்டின் மேலே வந்து நின்றது. சீருடை போட்டு, முகத்தைத் துணியால் சுற்றிய ஒரு ஆள் இறங்கி வந்தாள். துணியை அவிழ்த்ததும் ஆரணி.

தாயைக் கட்டிக்கொண்டாள், என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்க்காமல், பிரெஞ்சில் என்னிடம் பேசினாள். “மதியம் வயர்லெஸ்ஸில் கேட்டேன். வெள்ளை வண்டி, மூன்று பேர், கிணற்றடிக்கு என்று. அப்பா கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். எடுத்துவைத்த தேநீர்க் கண்ணாடிகளைத் திரும்ப உள்ளே வைத்தேன்.”

“அப்புறம் எப்படி வந்த?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் முன்னாடி கிணற்றடியிலிருந்து சொன்னார்கள், அப்படி ஒரு வண்டி வரவே இல்லை என்று. வாசல்காரர் அந்தத் தடத்தில் தேடப் புறப்பட்டார்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணல் என்று சொல்லலாம், ஆனால் காற்று அப்போது அடிக்கவில்லை. “நான் இந்தத் தடத்துக்கு வந்தேன். அப்பா கிணற்றடி என்று சொன்னால் கிணற்றடிக்குப் போகமாட்டாரே. போகிற இடத்தை அவர் என்றைக்குச் சொல்லியிருக்கிறார்?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு அப்பாவை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

ஆரணி முன் டயரருகே முழங்காலிட்டு மணலை விலக்கி, வால்வின் மூடியைக் கழற்றி நடு ஊசியை அழுத்தினாள். ஸ்ஸ் என்று காற்றுப் போனது. துரை சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின் டயரருகே போய் அவரும் முழங்காலிட்டார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்க்காமலே கேட்டார்.

“எவ்வளவு?”

ஆரணி நிமிர்ந்தாள். “பாதி.”

“பாதியோ?”

“ஓம் அப்பா. பாதி.”

ஒரு வருஷத்து மௌனம் டயர்க் காற்றோடு போனது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் நான் பக்கத்தில் நின்று கேட்டேன், அது போகிற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அவள் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார்: ஸ்டீரிங்கை ஒடிக்காதீர்கள், பிரேக் மிதிக்காதீர்கள், மெதுவாக. வண்டி சேற்றிலிருந்து எழும் எருமைபோல மேலே வந்தது. அவர் மேட்டில் நிறுத்தி, இறங்கி வந்து, தட்டையான டயரைப் பார்த்து, “வடிவா இல்லை” என்றார். “ஆனா ஓடுது.”

ஆரணியின் முகாம் என்பது இரண்டு கூடாரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கொடிக்கம்பம். தேநீர்க் கண்ணாடிகள் மறுபடி வெளியே வந்தன. நீத்துப்பெட்டி கேஸ் அடுப்பில் ஏறியது. பாலைவனத்தில் புட்டும் இறைச்சிக்கறியும் சாப்பிட்டோம். ஆரணி வாய் நிறைய வைத்துக்கொண்டு “அம்மா” என்று மட்டும் சொன்னாள். துரைக்கு, தப்பி வந்ததற்குப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் அடிக்க வேண்டும். சிதறக் கூடாது என்றாள் மகள், ஒரு சிரட்டைத் துண்டுகூட மணலில் கிடக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் குப்பைப் பைக்குள் தேங்காயை வைத்து, பையைக் கட்டி, கல்மேல் அடித்தார். பிள்ளையார் ஏற்றுக்கொண்டாரா தெரியாது, பூங்கா ஏற்றுக்கொண்டது.

காலையில் தடத்தை விட்டு விலகி மணல்மேட்டில் கூடாரம் அடிக்க வேண்டும் என்று பெரிய பெரிய வண்டிகளில் சிலர் வந்தார்கள். சத்தம் போட்டுப் பேசினார்கள். ஆரணி சத்தம் போடவில்லை. அங்கே பறவைகள் முட்டையிட்டிருக்கின்றன, நீங்கள் கிணற்றடிக்குப் போகலாம் என்றாள். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்கள்.

துரை என் பக்கம் சாய்ந்தார். “உவள் சொன்னால் எல்லாரும் கேப்பினமோ, அக்கா?”

“கேட்டுத்தான் ஆகணும், துரை.”

கொஞ்சம் யோசித்தார். “உதுவும் செ-தே-இயோ?”

இல்லை, வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள் என்றேன்.  அவர் பார்வை, திரும்பிப் போகும் அந்த வண்டிகள்மேல் இருந்தது, அவை மறையும்வரை.

நாங்கள் புறப்பட்டபோது ஆரணி தன் வண்டியில் முன்னால் போனாள். அன்று மதியம் வாசல் பொறுப்பு அவளுக்கு, வாசல்காரர் கிணற்றடிக்குப் போயிருந்தார். நாங்கள் வந்து சேர்ந்தபோது கம்பு குறுக்கே கிடந்தது, அவள் வயர்லெஸ்ஸோடு நின்றிருந்தாள். வெளியே போகிறவர்களிடமும் கேட்க வேண்டும், அதுதான் சட்டம். அவள் துரையின் ஜன்னலருகே வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, பிரெஞ்சில் இல்லாமல், தமிழில் கேட்டாள்.

“எங்கை போறியள், அப்பா?”

துரை எஞ்சினை நிறுத்தினார். புஸ்பம் என் கையைப் பிடித்தாள். நான் தண்ணீர்ப் போத்தலைத் தேடத் தொடங்கிவிட்டேன். ரிவர்ஸ் போடப்போகிறார், முள்மரம் வரைக்கும் போகப்போகிறோம் என்றே நினைத்தேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மகளின் சீருடைக் கையைத் தொட்டார். “வீட்டை போறன், பிள்ளை. லா சப்பலுக்கு. நாலாம் மாடி. சித்திரை வருசத்துக்கு நீ அங்கை வரவேணும். வந்திட்டு உன்ரை வேலைக்குத் திரும்பிப் போ. போகேக்கை நான் ஒண்டும் கேக்கமாட்டன்.”

ஆரணி தலையை ஆட்டினாள். வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனாள். “வெள்ளை வண்டி, மூன்று பேர், லா சப்பலுக்குப் போகிறார்கள்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு வாசல்காரரின் குழம்பிய குரல் வந்தது. “லா சப்பலா? அது எந்த முகாம்?”

ஆரணி அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அது என் வீடு.”